கார்புரேட்டர் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின்)

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி. வீராணம் ஏரியை ஒட்டிய சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நெல்லுக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் முதல் ரோட்டாக்ஸ் 582 எனும் சிறுவிமான எஞ்சின் வரை அடிப்படை ஒன்றே.

கோளாறு: ஸ்பார்க் பிளக் முனை காபிப்பொடி நிறமாயிருந்தால் கலவை சரி. கறுத்து ஈரமாயிருந்தால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டர் அடைப்பு, மிதவை ஊசித் தேய்மானம் காரணமாகலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. ஜெட் எனும் பெட்ரோல் துளையின் அடைப்பையோ காற்றுக்கசிவையோ தேட வேண்டும்.

சீரமைப்பு: ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும், பெட்ரோலில் கழுவிக் காற்றடிப்பதே முறை. ஐடில் ஸ்குரூவை எஞ்சின் சூடேறிய பின்னரே திருப்ப வேண்டும். ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து, நடுத்தரத் திராட்டிலில் பெட்ரோல் கூடும். ரோட்டாக்ஸ் 582-இல் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒருசேரத் திறக்க வேண்டும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.