அறுந்த செய்தியும் திருகோணமலைத் துறைமுகமும்: 1942 ஏப்பிரல் நிகழ்வுகள் பற்றிய ஒரு நோக்கு

போர்களின் வரலாற்றை எழுதுவோர் படைகளின் எண்ணிக்கையையும் படைக்கலங்களின் வலிமையையும் கணக்கிட்டுக் கூறுதல் வழக்கம். செய்தி எவ்வழிச் சென்றது, எங்கே அறுந்தது, அறுந்தவிடத்து அதனைப் பெற்றோர் யாது செய்தனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரலில் யப்பானியக் கடற்படை இலங்கைமீது நடத்திய தாக்குதலை இவ்வினாக்களோடு அணுகின், திருகோணமலைத் துறைமுக வரலாற்றின் அதிகம் பேசப்படாத பக்கமொன்று புலனாகும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலையும் கொழும்பும் இன்றியமையாத தளங்களாயின. கடலைக் கண்காணிக்கும் பணி கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானங்களைச் சார்ந்தது. ஏப்பிரல் 4ஆந் திகதி பிற்பகல், கனடிய விமானப்படையைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சலின் விமானம் இலங்கையின் தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அது அனுப்பிய வானலைச் செய்தியில் பகைவர் இருக்குமிடம் கூறப்பட்டது. படையின் அளவு கூறப்படுமுன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர்தப்பியோர் சிறைப்பட்டனர். செய்தியைத் திரும்பக் கூறுமாறு கொழும்பு கேட்டது. மறுமொழி வரவில்லை. ஆனால் அக்கேள்வியை யப்பானியர் ஒற்றுக்கேட்டுத் தம் வருகை வெளிப்பட்டுவிட்டதை அறிந்துகொண்டனர். மீளக் கேட்டல் வேண்டுவதே. எனினும் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மறுநாட் காலை நிகழ்ந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. படை நெருங்குவது தெரிந்திருந்தும், கொழும்பில் ராடர் நிலையம் இருந்தும், பகை விமானங்கள் தலைக்குமேல் தோன்றும்வரை இரத்மலானை விமானிகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதே காலையில் திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கிப் பறந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள், இடையில் எதிர்ப்பட்ட யப்பானியப் போர்விமானங்களால் ஒன்றுவிடாது வீழ்த்தப்பட்டன. எச்சரிக்கை வராமையை ஆபத்து இன்மை எனக் கொள்ளும் ஓர் அமைப்பில் இத்தகைய இழப்பு நேர்வது வியப்பன்று. 'ஒன்றும் இல்லை' என்ற செய்தி வேறு. செய்தியே வராமை வேறு.

ஏப்பிரல் 8ஆந் திகதி பகைப்படை மீண்டும் காணப்பட்டது. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. 9ஆந் திகதி காலை, ரே தோமஸ் செலுத்திய கற்றலீனா பகைவரைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தோர் எவரும் மீளவில்லை. எனினும் இம்முறை திருகோணமலை அவ்வொரு செய்தியை மட்டும் நம்பியிருக்கவில்லை. துறைமுகத்து ராடர் நிலையம் தாக்குதற்படையைத் தொலைவிலேயே கண்டுகொண்டமையால், ஹரிக்கேன் விமானங்கள் முன்கூட்டியே வானிலேறின. துறைமுகமும் விமானத்தளமும் சேதமுற்றன என்பது உண்மையே. ஆயினும் கொழும்பிற்போல் விமானிகள் தரையில் அகப்படவில்லை. ஒரு வழி அறுந்தால் மறுவழி எஞ்சி நிற்கும் ஏற்பாட்டின் பயன் இதுவாகும்.

அவ்வேற்பாடு கடலிற் சென்ற கப்பல்களைக் காக்கவில்லை. தனக்குரிய விமானங்களைக் கரையில் விட்டுச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் பகைவரின் கண்ணிற் பட்டது. கண்டதைக் கூறிய யப்பானியச் செய்தியைப் பிரித்தானியர் ஒற்றுக்கேட்டு, கப்பலைத் திருகோணமலைக்குத் திரும்புமாறு பணித்தனர். காப்பு விமானங்களை அனுப்பவும் முயன்றனர். அவற்றுள் ஒரு பகுதி கப்பல் மூழ்கிய பின்னரே வந்து சேர்ந்தது. ஹேர்மிஸில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; உடன்சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. செய்தி கிடைத்தலும் அதன்மேற் செயல் நிகழ்தலும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இவ்வினாக்கள் பழம்போருடன் ஒழிந்தன அல்ல. 1974இல் வின்ட் சேர்வ், ரொபேட் கான் ஆகிய இருவரும் கணினி வலையமைப்புகளுக்கு வகுத்துக்கொடுத்த நெறியும் இவற்றையே எதிர்கொண்டது. வழியில் தரவு தொலைவது இயல்பு என்றே அந்நெறி தொடங்குகின்றது. பெற்றவர் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறித்த நேரத்துள் ஒப்புகை வராவிடின் அனுப்பியவர் மீள அனுப்ப வேண்டும். அவ்வாறிருந்தும், பாதியாக வந்த தரவை முழுமையெனக் கொள்ளும் நிரலும், இணைப்பு அறுந்ததைக் கவனியாது காத்திருக்கும் நிரலும் இன்றும் எழுதப்படுகின்றன. வங்கியும் மருத்துவமனையும் வலையமைப்பைச் சார்ந்துள்ள இக்காலத்தில் அத்தவறு எழுதியவரோடு நின்றுவிடுவதில்லை.

பேர்ச்சல் 'இலங்கையின் இரட்சகர்' எனப் போற்றப்பட்டார். அப்புகழ் அவருக்கு உரியதே. தோமஸையும் அவருடன் மாண்டோரையும் நினைவுகூருவோர் சிலரே. இருவர் செய்தியும் பாதியிலேயே அறுந்தவை. அறுந்த செய்தியைப் பெற்றவர் அதனை எவ்வாறு கையாண்டார் என்பதையும் சேர்த்து எழுதும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.