இங்கிலீஷ் முதல் வகுப்பில் யார் எதை எதிர்பார்த்தார்கள்?

1900 நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் 1914ஆம் எண்ணுக்கு எதிரே 'பிவா ராம்ஜி அம்பேத்கர்' என்ற பெயர் ஏறியது. சேர்ந்த வகுப்பு, இங்கிலீஷ் முதல் வகுப்பு. தாய்மொழியில் தொடக்கப் படிப்பை முடித்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் முதலாண்டுக்குப் பம்பாய் மாகாணத்தில் அப்படித்தான் பெயர். மகாராஷ்டிர அரசு 2017 முதல் அந்த நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். நமக்குள்ள கேள்வி வேறு. அந்த வகுப்பில் உட்கார்ந்த ஒன்பது வயது மகார் சிறுவனிடம் யார் எதை எதிர்பார்த்தார்கள்?

அரசு எதிர்பார்த்தது என்னவென்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்திருந்தார்கள். ஆள்பவர்களுக்கும் ஆளப்படுபவர்களுக்கும் நடுவே நிற்க ஒரு கூட்டம் வேண்டும் என்றது 1835இன் மெக்காலே குறிப்பு. மேலே ஊற்றினால் கீழே கசியும் என்றார்கள். கசியவில்லை. 1856இல் தார்வாரில் ஒரு மகார் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர அனுமதி கேட்டான். ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்று பம்பாய் அரசு கைவிரித்தது. அரசுப் பள்ளி எல்லா வகுப்பாருக்கும் பொதுவானது என்று 1858இல் மேலிடம் சொன்ன பிறகும் நடைமுறை அசையவில்லை. உழைப்பவர்களின் வரிப்பணம் மேல்சாதிப் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் போகிறது என்று 1882இல் ஹண்டர் கமிஷன் முன்பு ஜோதிராவ் புலே முறையிட்டார். அதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்துத்தான் சாத்தாராவில் இந்தப் பெயர் பதிவாகிறது.

பள்ளிக்கூடம் அந்தச் சிறுவனிடம் எதிர்பார்த்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வகுப்பில் தனியாக உட்கார வேண்டும். கீழே விரிக்கக் கோணித்துணியை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பள்ளியைப் பெருக்குகிற ஆள் அந்தத் துணியைத் தொடமாட்டான் என்பதால் மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் சொல்லி, பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. பாடத்திட்டத்தில் எழுதாத பாடம் இது. நம் கருத்தில், அந்த வகுப்பு ஒருநாளும் தவறாமல் நடத்திய பாடமும் இதுதான்.

மூன்றாவது எதிர்பார்ப்பு வீட்டில் இருந்தது. அப்பா ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவருடைய காலத்தில் பட்டாளத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு கட்டாயம். அதனால் சிப்பாய் வீட்டு மகார்கள், பெண்கள் உட்பட, எழுத்தறிந்திருந்தார்கள். 1890களில் மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. வந்த வழி அடைபட்டதும் மனு எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதினார்கள். ராம்ஜியும் அதில் முன்னின்றார். ஆங்கிலம் எதற்கு உதவும் என்பதை அந்த வீடு இப்படிக் கற்றுக்கொண்டிருந்தது.

ஆகவே மகனுக்கு அவர் வைத்த இலக்கு தேர்ச்சியோடு நிற்கவில்லை. ஹோவர்டு வாசகங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடநூல்கள் மூன்றையும் கரைத்துக் குடிக்க வைத்தார். ஒரு மராத்திச் சொல்லுக்கு ஈடான சரியான ஆங்கிலச் சொல் எது, எந்த இடத்தில் எதைப் போட வேண்டும் என்று விடாமல் கேட்டார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் காசில்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய்க் கடன் கேட்டிருக்கிறார். அவர்கள் தந்த நகை அடகுக்குப் போயிருக்கிறது. அக்காமார்களின் நகை இந்த வரலாற்றில் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது. நாங்கள் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறோம்.

அதே பள்ளிப்படிப்பில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம்தான் கிடைத்தது. சொந்த நாட்டு 'தேவபாஷை' மூடிய கதவை அந்நிய மொழி திறந்தே வைத்திருந்தது. அந்நிய மொழி நல்ல மொழி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மொழியை யாரும் தீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வகுப்பில் சேர்ந்து பத்தொன்பதாவது ஆண்டில், 1919 ஜனவரி 27 அன்று, சவுத்பரோ குழுவின் முன்பு தீண்டப்படாதாரின் வாக்குரிமைக்காக அதே மொழியில் சாட்சியம் சொன்னார்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். கோயம்புத்தூர் கலாசாலையில் படித்த ரெட்டைமலை சீனிவாசன், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். விட்டதும் யாரும் எட்டிப்பிடிக்காதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடப்பார். பழகினால் ஊர் எது, தெரு எது என்று கேட்பார்களே! சாதியை மறைக்க ஓடிய அந்தப் பிள்ளைதான் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் பதவிகளை மேல்சாதியே அள்ளிக்கொள்ளும் என்று 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவரும் அவரே. அந்த அரசியலோடு இன்று உடன்படாதவர்களும் உண்டு. வாதம் வேறு. தன் மக்களின் கோரிக்கையைப் பாராளுமன்றம் படிக்கிற மொழியில் எழுத ஒரு ஆள் இருந்தார் என்பதே இங்கே செய்தி.

இனி இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு வருவோம். 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்குத் தொடங்கிய லேபர் பள்ளிகளின் வழியில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் என்ன இலக்கு என்று கேட்டால், "முப்பத்தஞ்சு எடுக்கணும் சார்" என்கிறார்கள். இந்த இலக்கைப் பிள்ளைகள் வைக்கவில்லை. ஜூன் மாதத்திலேயே 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகிவிடுகிறது. அந்தப் பட்டியலில் காலனிப் பிள்ளைகள் எப்படி மொத்தமாக வந்து விழுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மெமரி போயம் ஒன்று, ரோடு மேப் ஒன்று, படத்தைப் பார்த்து நாலு வரி. இதற்குமேல் அவர்களுக்கு வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களில் விதிவிலக்கானவர்கள் உண்டு, அவர்களை அறிவோம். ஆனாலும் குறைந்த எதிர்பார்ப்பும் ஒரு கோணித்துணிதான். தினமும் சுமந்துபோக வேண்டியிருக்கிறது.

வன்கொடுமை வழக்குகளில் ஜாமீன் விசாரணையின்போது பாதிக்கப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்லும் உரிமையை 2015இன் திருத்தச் சட்டம் தந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவு ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பெண் இருப்பாள். ஆனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் குமாஸ்தாவையோ எங்களையோ தேடி வருகிறார்கள். எதிரி எந்த ஊரில் தங்க வேண்டும், எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை மணிக்குக் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவன் மீறினால் அன்றைக்கே புகார் கொடுக்க அது தெரிந்தாக வேண்டும்.

அதனால் இந்த ஆண்டு எங்கள் படிப்பகத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் வைத்திருப்பது இரண்டே வேலை. பெயர், ஊர் நீக்கிய ஒரு ஜாமீன் உத்தரவை அகராதி வைத்துக்கொண்டு படித்து, நிபந்தனைகளைத் தமிழில் எழுத வேண்டும். பிறகு, அதில் ஒன்று மீறப்பட்டதாக வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் பத்து வரி எழுத வேண்டும். பிழை இருக்கலாம். முதல் வரைவுகள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு வந்துவிடும்.