கடைசிப் பந்தியின் குழம்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரி விடுதியின் உணவுப் பொறுப்பு ஓராண்டுக் காலம் என் தலையில் விழுந்தது. தமிழ் கற்பிப்பவனுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று கேட்கலாம். மறுக்கத் தெரியாதவர்களைத் தேடியே இத்தகைய பொறுப்புகள் வருகின்றன. முதல் வாரத்திலேயே மாணவர்கள் ஒரு முறையீட்டுடன் வந்தார்கள். முதற்பந்திக்குக் காயும் பருப்புமாக விழும் சாம்பார், கடைசிப் பந்திக்கு வெந்நீர் விளாவிய புளிக்கரைசலாக வந்து சேருகிறது என்பது அவர்கள் குறை. சமையற்காரர் நேர்மையானவர், ஒரு பிடி பருப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டு போனவர் அல்லர். 50 பேருக்குச் சமைத்துப் பழகிய கை, 300 பேருக்கு எதை எவ்வளவு பெருக்குவது என்று அறியாமல் தடுமாறியது. அவருக்கு அதை எவரும் கற்றுக்கொடுத்ததில்லை. மேற்பார்வையிட வந்த எனக்கும்தான்.

மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கி அங்கிருந்த அத்தனை பேருக்கும் அவளால் உணவிட முடிந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்துக்கு அளவு தேவையில்லை. குறைகிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு பலருக்குப் பரிமாறுகிறவர்களுக்கு அளவே அறம். அந்த அளவை ஒரு கல்வியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கே வேர்விட்டது என்று தேடிப் படித்தபோது, கிரீமியப் போரின் மருத்துவமனை ஒன்றில் போய் நின்றேன்.

1854 நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியருடன் ஸ்கூட்டாரியில் இருந்த பிரித்தானியப் படை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதி அது. அங்கே உணவுப்பொருள் அறவே இல்லாமற் போகவில்லை. அதைப் பக்குவமாக நோயாளியின் வாய்வரை கொண்டு சேர்க்கும் முறைதான் இல்லை. ஒவ்வொரு கூடத்தின் பணியாளரும் தம் பங்கு இறைச்சியைக் காலையில் நிறுத்து வாங்கி, ஒரு கட்டையில் இறுகக் கட்டி, கந்தல் துணியையோ பழைய ஆணியையோ அடையாளமாகச் செருகிப் பொதுக் கொப்பரையில் போடுவார். இறுகக் கட்டியதால் வெளிப்புறம் குழைய, உட்புறம் பச்சையாகவே இருக்கும். வெந்த நீரில் இறங்கிய சாரம் சாக்கடைக்குப் போகும். அதே கொப்பரையைச் சரிவரக் கழுவாமல் தேநீரும் வைப்பார்கள். எலும்போடு சேர்த்து நிறுப்பதால் ஒருவருக்குச் சதையும் இன்னொருவருக்கு வெறும் எலும்பும் கிடைக்கும். எலும்பை நீக்கித் தரலாமே என்று நைட்டிங்கேல் கேட்டபோது, அதற்குப் புதிய விதி இயற்ற வேண்டும் என்று பதில் வந்தது. என் விடுதியின் கடைசிப் பந்தி இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இல்லை.

1855இல் அங்கே வந்தவர் அலெக்சிஸ் சுவாயே. பிரான்சில் பிறந்து, இலண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையற்கலைஞராகப் புகழ் பெற்றவர். பகட்டான உடைகளில் பெருவிருப்பம் உள்ளவர். தாமாகவே முன்வந்து ஸ்கூட்டாரி சென்ற அவர், இறைச்சிக் கட்டுகளைத் தளர்த்தச் சொன்னார். வெந்த நீரைக் கொட்டாமல் வடிசாறாக்கச் செய்தார். இன்ன பொருள் இத்தனை பேருக்கு இவ்வளவு என்று எழுதி வைத்து, சிப்பாய்களுக்குச் சமையல் கற்பித்தார். அவர் வடிவமைத்த படை அடுப்பு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பிரித்தானியப் படையில் புழக்கத்தில் இருந்தது. ஸ்கூட்டாரியில் சாவு குறைந்ததற்குச் சாக்கடையும் காற்றோட்டமும் சீரானதே பெருங்காரணம் என்பர். அப்பெருமையைச் சமையலறைக்கு மாற்றி எழுதுவது சரியன்று. ஆயினும் நிறுவனச் சமையல் கற்பிக்கத்தக்க ஒரு தொழில் என்பது அங்கே கண்கூடாயிற்று.

இதே சுவாயே 1847இல், அயர்லாந்துப் பஞ்சத்தின்போது டப்ளினில் கஞ்சித்தொட்டி நடத்தியவர். மலிவான சூப்பை ஆயிரக்கணக்கானோருக்குச் சிக்கனமாகவும் ஒழுங்காகவும் வழங்கிக் காட்டினார். நாவுக்கு இதமான அந்தச் சூப்பில் உயிரைத் தாங்கும் ஊட்டம் போதாது என்று 'லான்செட்' மருத்துவ இதழ் கண்டித்தது. கைத்திறன் இருந்தது, உணவில் என்ன இருக்கிறது என்னும் அறிவு உடன் இல்லை. இவ்விரண்டும் ஒருவரிடமே கூட வேண்டும் என்பதுதான் பின்னாளில் உணவியல் என்ற தொழிலாக உருப்பெற்றது.

கூட்டிவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற முதல் பெண்ணான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் வேதியியலர். 1890இல் பாஸ்டனில் அவர் முன்னின்று தொடங்கிய நியூ இங்கிலாந்து கிச்சன், ஏழை உழைப்பாளிகளுக்கான உணவை ஆய்வுக்கூடக் கணக்கோடு சமைத்தது. 1917இல், முதல் உலகப்போருக்கு நடுவே, லென்னா கூப்பர், லூலூ கிரேவ்ஸ் ஆகியோரின் முயற்சியால் கிளீவ்லாந்து நகரில் அமெரிக்க உணவியலர் சங்கம் பிறந்தது. பட்டப்படிப்போடு மருத்துவமனை அடுக்களையிலும் பயிற்சி பெற வேண்டும் என்ற வழக்கம் மெல்ல நிலைபெற்றது.

நம் பக்கத்தில் இக்கதை குன்னூரில் தொடங்குகிறது. 1918இல் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய அமர்ந்தார். பின்னர் அங்கே இயக்குநராக வந்த அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்டோரைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளை அது பெரும்பாலும் அண்டவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று அறிவியல் சொன்னது. காரணம் அறியாமலே நம் பாட்டிமார் காத்துவந்த சத்து அது. குன்னூர்க் கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1963இல் இந்திய உணவியல் சங்கம் அமைந்தது.

இன்று இத்துறையில் புகும் மாணவி, சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் உரிய உணவைக் கற்பதோடு, வாங்கிய காயின் எடை வேறு, தோலும் காம்பும் நீக்கி உண்ணும் பகுதியின் எடை வேறு என்பதையும் கற்கிறாள். ஆளுக்கு எத்தனை கிராம், அதற்கு எந்த அளவுக் கரண்டி, சமைத்ததை எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் வைக்கலாம் என்பனவும் அவள் பாடங்கள். ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சிக்குப் பிறகே பதிவுபெற்ற உணவியலர் தேர்வை எழுத முடிகிறது. இத்தனைக்கும், அவள் படிப்பை 'சமையல் படிப்பு' என்று ஏளனம் செய்யும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. அலைவரிசை மாறினாலும் அந்தச் சிரிப்பின் தொனி மாறவில்லை.

அந்த ஆண்டு மனையியல் துறை ஆசிரியை ஒருவர் எங்கள் அடுக்களைக்கு வந்தார். தராசும் ஒரே அளவுள்ள இரண்டு கரண்டிகளும் வாங்கச் சொன்னார். சமையற்காரரை உட்காரவைத்து, 300 பேருக்குரிய பருப்பையும் புளியையும் உப்பையும் தனித்தனியே கணக்கிட்டுச் சுவரில் எழுதினார். முதலில் முகம் சுளித்த சமையற்காரர், ஒரு மாதத்துக்குள் அந்தச் சுவரை எவரும் தொட அனுமதிப்பதில்லை.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ஒரு நாள் உண்டு பார்த்தேன். இலையில் விழுந்த சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது.