ஒட்டாத தாச்சி: எந்த அடுப்புக்கு, எந்தச் சமையலுக்கு?

எங்கள் ஒழுங்கைக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது பாத்திர வான் வருகிறது. பின்கதவைத் திறந்தால் சிவப்பும் கறுப்பும் சாம்பல் நிறமுமாக நொன்ஸ்டிக் தாச்சிகள் அடுக்கியிருக்கும். தனியாக ஒன்றை எடுக்க முடியாது. மூன்று, ஐந்து, ஏழு என்று செற்றாகத்தான் கொடுப்பார்கள். கையில் காசில்லையென்றாலும் பரவாயில்லை, கிழமைக்குக் கிழமை கட்டுங்கள் என்பார்கள். கடைசித் தவணை கட்டி முடிய முன்பே நடுவில் பூச்சு உரிந்து அலுமினியம் வெளியே தெரிகிற தாச்சிகளைப் பல குசினிகளில் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடமாக ஒரு கீறலும் விழாமல் பாவிக்கப்படும் தாச்சிகளையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வித்தியாசம் விலையில் இருக்கவில்லை. தாச்சி எந்த அடுப்பில் ஏறியது, எதனால் மினுக்கப்பட்டது என்பதில்தான் இருந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் இந்தத் தாச்சிக்கு இவ்வளவு வரவேற்பு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு இடப்பெயர்விலும் முதலில் விட்டுவரப்பட்டவை பாரமான சாமான்கள். அம்மி, உரல், இரும்புத் தாச்சி, தோசைக்கல் எல்லாம் அப்படிப் போனவைதான். ஒரு தோசைக்கல் ஒட்டாமல் பழகுவதற்கு நாளாகும். அம்மம்மா காலத்திலிருந்து பழகிய கல்லை இழந்த வீட்டில், வாங்கிய அன்றே ஒட்டாமல் தோசை வரும் தாச்சி பெரிய உதவிதான். அந்த உதவி நீடிப்பதற்கு அதன் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்கு இது உண்மையில் தேவை

எங்கள் சமையலில் பெரும்பகுதிக்கு நொன்ஸ்டிக் தேவையில்லை. சோறு, புட்டு, இடியப்பம், கறி, சொதி, கூழ் எதற்கும் அது வேண்டாம். முட்டைப் பொரியல், தோசை, மெல்லிய ரொட்டி, குறைந்த எண்ணெயில் வாட்டும் மீன் ஆகியவற்றுக்கே அது கைகொடுக்கும்.

ஆனால் சில வீடுகளில் இது வசதிக்கான பொருள் மட்டுமல்ல. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு எறிகணை வீச்சில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இரும்புத் தாச்சியைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒட்டியதைச் சுரண்ட இரண்டு கை வேண்டும். நொன்ஸ்டிக்கில் முட்டையைச் சுரண்ட வேண்டியதில்லை. தாச்சியைச் சரித்தால் கோப்பைக்குள் வழுக்கி விழும். கழுவுவதற்கும் ஒரு கை போதும். தோளிலோ மணிக்கட்டிலோ குண்டுச் சிதறல் இருப்பவர்களுக்கும், வாதத்தால் கை இறுகியவர்களுக்கும் இது பொருந்தும். எண்ணெயைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் அறிவுறுத்திய நீரிழிவு, இருதய நோயாளர்களுக்கும் பயன் உண்டு. இப்படியான தேவை உள்ள வீட்டில் ஒரு நல்ல தாச்சிக்குக் காசு செலவழிப்பதில் பிழையில்லை.

அந்தப் பூச்சு என்ன

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் குளிரூட்டும் வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ரோய் பிளங்கற் என்ற இரசாயனவியலாளர், ஒரு வாயு உருளைக்குள் வாயுவுக்குப் பதிலாக வழுவழுப்பான வெள்ளைத் தூள் படிந்திருப்பதைக் கண்டார். அதுதான் பி.ரி.எப்.ஈ. டெப்லோன் என்பது அதன் வர்த்தகப் பெயர். எந்த இரசாயனமும் அதை இலகுவில் தாக்காது என்பதால் இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்தின் யுரேனிய ஆலைகளில் முதலில் பயன்பட்டது. குசினிக்குள் அது வந்தது 1950களில், பிரான்சில். மார்க் கிரிகோயர் என்ற பொறியியலாளர் அதை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். தாச்சியில் பூசிப் பார்க்கும்படி சொன்னவர் அவருடைய மனைவி கொலெற். 1956இல் அவர்கள் டெபால் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

பெட்டிகளில் கிரனைற், மாபிள், கல் என்று எழுதியிருந்தாலும் அவற்றில் பல இதே பி.ரி.எப்.ஈ. பூச்சில் கனிமத் துகள் கலந்தவைதான். முழுக் கல்லால் செய்த தாச்சி என்று நினைத்துக் கூடிய விலை கொடுக்க வேண்டாம். செரமிக் என்று விற்கப்படுவது வேறு வகை. அது சிலிக்கா சார்ந்த பூச்சு. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஒட்டாத தன்மை பி.ரி.எப்.ஈ.யைவிடச் சீக்கிரம் குறைந்துவிடும்.

புற்றுநோய் வருமா?

பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். பதிலை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பி.ரி.எப்.ஈ. பூச்சை உற்பத்தி செய்யும்போது பி.எப்.ஓ.ஏ. என்ற இன்னொரு இரசாயனம் பல பத்தாண்டுகள் பயன்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பேர்க் நகருக்கு அருகிலிருந்த தொழிற்சாலையிலிருந்து அது குடிநீரில் கலந்தது. அங்கு சுமார் 69,000 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களுக்கும் அந்த இரசாயனத்துக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று 2012இல் விஞ்ஞானிகள் குழு முடிவு சொன்னது. அமெரிக்காவின் பெரிய உற்பத்தியாளர்கள் 2015ஆம் ஆண்டளவில் அதைக் கைவிட்டார்கள். 2019இல் அது ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பார்க்கர்ஸ்பேர்க்கில் பாதிக்கப்பட்டவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் அதைச் சுற்றியிருந்த தண்ணீரைக் குடித்தவர்களுமே. தாச்சியில் முட்டை பொரித்தவர்கள் அல்லர்.

ஆகவே வாங்கும்போது பெட்டியில் ‘பி.எப்.ஓ.ஏ. இல்லை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்லது. அதனால் அந்தத் தாச்சியில் பி.ரி.எப்.ஈ. இல்லை என்று அர்த்தமாகாது. சூட்டு விதிகள் அதற்கும் உண்டு. வெளிநாட்டு உறவுகள் 2015க்கு முன்பு கொண்டுவந்து தந்த தாச்சி பூச்சுக் கழன்ற நிலையில் இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது விடயம் சூடு. பி.ரி.எப்.ஈ. சாதாரணச் சமையல் சூட்டில் அசையாமல் இருக்கும். தவறி ஒரு துகள் வயிற்றுக்குள் போனாலும் சமிக்காமல் வெளியேறிவிடும். 260 பாகை செல்சியஸைத் தாண்டினால் பூச்சு பழுதாகத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் சிதைந்து நச்சுப் புகை விடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலங்களில் காய்ச்சல், குளிர், இருமல், நெஞ்சிறுக்கம் வரும். வழமையாக ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கூண்டுப் பறவைகளுக்கு இதே புகை உயிராபத்து. வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் கூட்டைக் குசினிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

விறகு அடுப்பில் வைக்க வேண்டாம்

எங்கள் பகுதிகளுக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை இதுதான். 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது கேஸ் அடுப்புக்கென்று வாங்கிய தாச்சிகள் விறகு அடுப்பில் ஏறின. விலை ஏறிய பிறகு பல வீடுகளில் அவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன. விறகு நெருப்பை அளந்து எரிக்க முடியாது. சுவாலை தாச்சியின் ஒரு பக்கத்தைத் தொட்டாலே அந்த இடம் 260 பாகையைத் தாண்டிவிடும். கைபிடியின் பிளாஸ்ரிக்கும் கருகும். கரி பிடித்த அடியைச் சாம்பலும் பொச்சும் போட்டு மினுக்கும்போது உட்புறமும் சேர்ந்து தேயும். உங்கள் வீட்டில் விறகு அடுப்பு மட்டும்தான் என்றால் நொன்ஸ்டிக் வாங்கவே வேண்டாம்; இரும்புத் தாச்சி வாங்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

செற்றாக வாங்க வேண்டாம். ஒன்று போதும். தனியாள் முட்டை பொரிக்க 20 சென்ரிமீற்றர், மூன்று நான்கு பேருள்ள வீட்டுக்கு 24, தோசைக்கு 28 சென்ரிமீற்றர் தட்டை.

அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நெளிந்தால் வைத்துவிடுங்கள். மெல்லிய அடி ஓரிடத்தில் மட்டும் கொதித்து வளையும். 3 மில்லிமீற்றர் அளவு தடிப்பு இருந்தால் நல்லது. அடிமட்டத்தைத் தாச்சியின் அடியில் வைத்துப் பார்த்தால் நேராக இருக்கிறதா என்று தெரியும்.

ஒரு கையால் சமைப்பவர் தூக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். பாரம் கூடினால் சரிக்க முடியாது. பாரம் குறைந்தால் கிளறும்போது அடுப்பில் சுழலும். கைபிடி நீளமாக இருந்தால், இல்லாத கையின் பக்கமாகத் திருப்பி முழங்கை அல்லது உடம்பால் மெதுவாக அணைத்துக்கொள்ளலாம். சுவாலை அந்தப் பக்கம் வராதபடி சிறிய அடுப்பில் வைக்க வேண்டும்.

மின்காந்த அடுப்பு வைத்திருப்பவர்கள் சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். அடியில் ஒட்டாவிட்டால் அந்த அடுப்பில் தாச்சி சூடாகாது.

தவணைக்கு வாங்குவதானால் முதலில் பெருக்கிப் பாருங்கள். கிழமைக்கு 500 ரூபா வீதம் 24 கிழமை என்றால் 12,000 ரூபா. அதை நகரக் கடையில் ஒரு தனித் தாச்சியின் கைக்காசு விலையோடு ஒப்பிடுங்கள். ஏற்கனவே நுண்கடன் கட்டும் வீட்டுக்குச் சமையல் பாத்திரம் இன்னொரு கடனாக வரக்கூடாது. வானில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி அதைக் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் இலக்கம் 1977.

பாவிக்கும் முறை

புதுத் தாச்சியைக் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் தடவித் துணியால் ஒற்றி எடுங்கள். அடுப்பில் வெறுமையாக வைக்காதீர்கள். கூடிய நெருப்பில் வெறும் தாச்சி சில நிமிடங்களிலேயே 260 பாகையைத் தொடும். எண்ணெயை முதலில் விட்டு, நடுத்தர நெருப்புக்கு மேல் போகாமல் சூடாக்குங்கள். எண்ணெய் இளகி ஓடினால் போதும். புகைத்தால் சூடு கூடிவிட்டது, நெருப்பைக் குறையுங்கள். எங்கள் சமையல் எண்ணெய்கள் 260 பாகைக்கு முன்பே புகைக்கும் என்பதால் அதுவே நல்ல எச்சரிக்கை.

மிளகாய்த்தூளுக்குச் சரக்கு வறுப்பது, உழுத்தம்மா, அரிசிமா வறுப்பது போன்றவற்றை இதில் செய்யவே கூடாது. எண்ணெய் இல்லாமல் நீண்ட நேரம் நெருப்பில் நிற்கும் வேலைகள் அவை. வடை, மோதகம், மிளகாய்ப் பொரியல் போன்ற ஆழ்ந்த எண்ணெய்ப் பொரியலுக்கும் இரும்புத் தாச்சியே ஏற்றது.

மர அகப்பை, சிரட்டை அகப்பை, சிலிக்கோன் கரண்டி பாவியுங்கள். இரும்புத் தட்டகப்பையும் கத்தியும் முள்ளுக்கரண்டியும் படக்கூடாது. சமைத்து முடித்த கையோடு குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அடி வளையும், பூச்சு கழரும். ஆறவிட்டு, மென்பஞ்சும் சவர்க்கார நீரும் கொண்டு கழுவுங்கள். சாம்பல், மணல், பொச்சு, கம்பிப் பஞ்சு எதுவும் வேண்டாம். அடுக்கி வைப்பதானால் இடையில் ஒரு பழைய துணி.

எப்போது கழிப்பது

மெல்லிய கோடு ஒன்றிரண்டு விழுந்தால் பயப்படத் தேவையில்லை. பூச்சு செதில் செதிலாகக் கழன்றால், அலுமினியம் தெரிந்தால், எண்ணெய் விட்டும் ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. புளி, தேசிக்காய், தக்காளி போன்றவை வெறும் அலுமினியத்தை அரித்து உணவில் கலக்கச் செய்யும். கழித்ததைக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். நச்சுப் புகை வரும். பழைய இரும்பு, அலுமினியம் எடுப்பவரிடம் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகு இன்னொரு நொன்ஸ்டிக்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கை வலிமை உள்ளவர்கள் ஓர் இரும்புத் தோசைக்கல்லை வாங்கி, நன்றாகக் கழுவி உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் தடவிப் புகைவரச் சூடாக்கி ஆறவிடுங்கள். இதை ஐந்தாறு தடவை செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்துச் சுடுங்கள். தோசை முதலில் பிய்ந்துதான் வரும். விடாமல் சுட்டுவந்தால் கல் பழகிவிடும். அது விறகிலும் நிற்கும், கேஸிலும் நிற்கும். உரிந்து போக அதில் பூச்சு இல்லை.