ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அட்மிஷனுக்கு முன் நாம் கேட்க மறக்கும் கேள்வி

மே மாதம் பிறந்துவிட்டால் கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் பகுதிகளில் எந்த வீட்டுக்குப் போனாலும் பள்ளி அட்மிஷன் பற்றிய பேச்சுதான். ஃபீஸ் எவ்வளவு, எந்த மீடியம், வேன் வீட்டு வாசலுக்கு வருமா, அரபி வகுப்பு உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். 'ஒன்றாம் வகுப்பில் ஒரு செக்‌ஷனுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில்தான் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கவும், கூட்டல் கழித்தல் போடவும் பழகுகிறது. அந்த வயதில் பிள்ளை வாசிப்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டு, தவறைத் திருத்த வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் 20 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 2 நிமிடம் கிடைக்கும். 50 பிள்ளைகள் இருந்தால் 48 வினாடிதான். வருகைப் பதிவு எடுப்பது, நோட்டு திருத்துவது, சத்தம் போடுபவர்களை அடக்குவது ஆகியவற்றுக்குப் போகும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் இன்னும் சொற்பம்.

நம் பிள்ளைகள் பலருக்கு இதில் கூடுதல் சிரமமும் உண்டு. கோவையில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் மலையாளம் பேசும் குடும்பங்களும் நிறைய. பள்ளியிலோ பாடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். வீட்டு மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாக இருக்கும் பிள்ளைக்கு, வகுப்பில் வாய் திறந்து பேசிப் பழக வாய்ப்பு அதிகம் வேண்டும். கூட்டம் நிறைந்த வகுப்பில் முதலில் வாயை மூடிக்கொள்வது அந்தப் பிள்ளைதான்.

சட்டம் சொல்லும் எண்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில்:

- 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்
- 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள்
- 91 முதல் 120 வரை 4 ஆசிரியர்கள்
- 121 முதல் 200 வரை 5 ஆசிரியர்கள்
- 150க்கு மேல் போனால் கூடுதலாக ஒரு தலைமை ஆசிரியர்
- 200க்கு மேல் போனால், தலைமை ஆசிரியரைச் சேர்க்காமல், ஓர் ஆசிரியருக்கு 40 பிள்ளைகளைத் தாண்டக் கூடாது

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு 30க்குக் குறைவாகவும், பின்தங்கிய பிள்ளைகள் அதிகமுள்ள பகுதிகளில் 25க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

நம் சமுதாயப் பள்ளிகள் தொடர்பான ஒரு செய்தியும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, அதைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. சட்டம் எந்தப் பக்கம் போனாலும், 30 பிள்ளைகள் என்ற அளவை நம் பள்ளி நிர்வாகங்கள் தாமாக முன்வந்து கடைப்பிடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

விகிதம் வேறு, வகுப்பறை வேறு

'எங்கள் பள்ளியில் 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர்' என்று சொன்னால், வகுப்பில் 25 பேர்தான் இருப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது பள்ளி முழுவதற்கும் போட்ட சராசரிக் கணக்கு. விளையாட்டு ஆசிரியர், கம்ப்யூட்டர் ஆசிரியர் என எல்லோரையும் சேர்த்து வகுத்தால் விகிதம் அழகாகத்தான் வரும். ஒன்றாம் வகுப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தால் 45 பேர் உட்கார்ந்திருக்கக் கூடும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. வால்பாறை, தாளவாடி, பர்கூர் போன்ற மலைப் பகுதிகளில் மிகக் குறைந்த பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகள் உண்டு. 24 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இருந்தால் விகிதம் 12க்கு 1. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்து வகுப்புகளை இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும்.

பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் இந்த நிலைக்குத் தமிழ்நாடு நெடுநாளாக வழி தேடி வருகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை 2007இல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாட அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் படிப்படியாக முன்னேறுவது அதன் முறை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்தச் சொல்கிறது. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைவிட, எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

ஆய்வுகள் காட்டியது என்ன?

உலகில் அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கியது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, நான்கு ஆண்டுகளில் 11,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, உதவியாளர் ஒருவருடன் கூடிய வழக்கமான வகுப்பு என மூன்றாகப் பிரித்து, யார் எதில் என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் இன்னும் கூடுதலாகப் பயனடைந்தார்கள். உதவியாளரைச் சேர்த்ததால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. அங்கே 'பெரிய வகுப்பு' என்று சொன்னதே 25 பேர் கொண்டதுதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கென்யாவில் வேறொரு பாடம் கிடைத்தது. மேற்கு கென்யாவின் தொடக்கப் பள்ளிகளில் கூடுதல் ஆசிரியரைப் போட்டு, 80க்கு மேல் இருந்த வகுப்பைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார்கள். அதே பழைய ஆசிரியர் அதே பழைய முறையில் பாடம் நடத்திய வகுப்புகளில், கூட்டம் குறைந்தும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடந்தது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு 2 மணி நேரம் தனியே அழைத்து, 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாக உட்கார வைத்து, அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள். பிள்ளைகளின் தோழி என்ற பொருளில் 'பால்சகி' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். அவர்கள் வெளியே போனதால் வகுப்பறையில் கூட்டம் குறைந்ததே, அங்கேயே இருந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? அவர்களிடம் சொல்லத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. இந்தியாவிலும் கென்யாவிலும் இப்படிப்பட்ட ஆய்வுகளை நடத்திய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவரும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கூட்டம் குறைவது ஆசிரியருக்கு வாய்ப்பைத் தருகிறது என்று புரிகிறது. அந்த வாய்ப்பில் அவர் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எங்கே தடுமாறுகிறது என்று கண்டு, அங்கிருந்து தொடங்கினால்தான் பலன். 20 பேரை வைத்துக்கொண்டும் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினால், 50 பேருக்கு நடத்தியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மக்தபிலும் இதே கணக்குதான்

மாலையில் பிள்ளைகள் போகும் மக்தபுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன் உட்கார்ந்து சபக் ஒப்பிப்பதுதான் நம் பழைய முறை. தனித்தனியே கவனிப்பதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் 40 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்ற ஏற்பாடு இருந்தது. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1790களில் சென்னை எழும்பூரில் அனாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைக் கையாண்டு, பின்னர் இங்கிலாந்துக்கும் கொண்டு போனார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். மக்தபில் மூத்த பிள்ளைகளிடம் இளையவர்கள் ஓதிக் காட்டலாம். ஆனால் மக்ரஜ் திருத்துவது உஸ்தாதின் வேலை. எனவே வாரத்தில் இரண்டு நாளாவது ஒவ்வொரு பிள்ளையும் அவரிடம் நேரடியாக ஓதுவதற்கு ஜமாஅத் நிர்வாகம் நேரம் ஒதுக்க வேண்டும். முடிந்தால் இன்னொரு உஸ்தாதை நியமிக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பள்ளியில் சேர்க்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளை உட்காரப் போகும் செக்‌ஷனில் எத்தனை பேர்? அந்த அறையில் ஒரே வகுப்பா, பல வகுப்புகளா? வகுப்பு ஆசிரியர் ஆண்டு முழுவதும் இருப்பாரா? ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை ஆசிரியர் தனித்தனியே எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறார்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அதிகம் சொல்லும்.

மத்திய அரசின் யுடைஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் கிடைக்கும். பள்ளி சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பள்ளியையோ ஒன்றியப் பள்ளியையோ பார்க்காமலேயே ஒதுக்கிவிட வேண்டாம். 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார், தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். ஃபீஸ் கட்டி 50 பேர் உள்ள வகுப்பில் சேர்ப்பதா, 25 பேர் உள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பதா என்பதை நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற முயலுங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே. பாதிப் பேர் பெண்கள். காலிப் பணியிடத்தை நிரப்பக் கேட்கவும், புதிய செக்‌ஷன் பிரிக்கக் கேட்கவும் தாய்மார்களுக்கு அங்கே இடம் இருக்கிறது.

வேறு பள்ளிக்கு மாற்ற வழியில்லாத குடும்பங்களே நம்மில் அதிகம். அவர்கள் வீட்டிலேயே தினமும் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எழுத்துத் தெரியாவிட்டாலும், எந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தித் தடுமாறுகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். மறுநாள் அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள் என்ற கணக்கில் மாலை வகுப்புகளை நடத்திக் காட்டியது. அதே அளவில் நம் மஹல்லாவிலும் நடத்த முடியும். பிளஸ் டூ முடித்த, கல்லூரி படிக்கும் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மதரஸா கட்டடத்தில் மாலையில் ஒரு மணி நேரம் இடம் கொடுத்து, அந்தப் பெண்களுக்குச் சிறு ஊக்கத்தொகையும் கொடுத்தால் போதும். பிள்ளைகளை வயதுப்படி உட்கார வைக்காமல், எழுத்து தெரிந்தவர்கள், சொல் வாசிப்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள் என்று நிலைப்படி உட்கார வையுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கினால், அடுத்த ரமலானுக்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தானாக வாசிப்பதை நாம் கேட்கலாம், இன்ஷா அல்லாஹ்.