சமூக ஊடகமும் உண்ணுதல் கோளாறுகளும்

உணவு, எடை, உடலமைப்பு பற்றிய எண்ணமே ஒருவரின் அன்றாட வாழ்வைப் பிடித்துக்கொள்ளும் மனநோய்கள் உண்ணுதல் கோளாறுகள் எனப்படுகின்றன. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில், உடல் மெலிந்து உருக்குலையும் வரை உணவை ஒதுக்குவது அனோரெக்சியா நெர்வோசா. அடக்க முடியாமல் அளவுக்கு மீறி உண்டுவிட்டு, வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா நெர்வோசா. முதல் நோய்க்கு 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இப்பெயரை வைத்தார். இரண்டாவதை 1979இல் ஜெரால்டு ரசல் விவரித்தார். கைபேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்நோய்கள் இருந்தன. இவை வருவதில் மரபணுக்களுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே சமூக ஊடகத்தை இவற்றின் ஒரே காரணமாகச் சொல்ல முடியாது. நோய் வரும் வாய்ப்பு யாரிடம் ஏற்கெனவே இருக்கிறதோ அவரிடம் அது என்ன செய்கிறது என்பதே கேள்வி.

படங்கள் உடலைப் பற்றிய எண்ணத்தை எவ்வளவு விரைவில் மாற்றும் என்பதற்குப் பிஜித் தீவு ஒரு சான்று. அங்கே மரபாகக் கட்டுமஸ்தான, நிறைந்த உடலே அழகு எனக் கருதப்பட்டது. ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலைப்பட்டார்கள். நட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவ மானிடவியலாளர், அது வந்த சில வாரங்களிலும் பின்னர் 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்தினார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்றே ஆண்டுகளில் அது 11.3 விழுக்காடாயிற்று. தாங்கள் குண்டாக இருப்பதாகச் சில நேரமாவது தோன்றுகிறது என்று 74 விழுக்காட்டினர் கூறினர்.

தொலைக்காட்சியில் தெரிந்தவர்கள் எட்டாத தூரத்து நடிகைகள். சமூக ஊடகத்தில் தெரிவதோ பக்கத்து வகுப்புத் தோழியும் சித்தி மகளும். வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. மனிதர்கள் தங்களைத் தங்களைப் போன்றவர்களோடுதான் அதிகம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். அந்தத் தோழியின் படமும் உள்ளபடியான படமாக இருப்பதில்லை. பத்து செல்ஃபி எடுத்து ஒன்பதை அழித்து, மிஞ்சிய ஒன்றில் இடுப்பைக் குறுக்கி, முகப்பருவை மறைத்து, நிறத்தையும் ஒரு படி வெளுப்பாக்கிய பிறகே அது பதிவேறுகிறது. கறுப்பு நிறத்தைக் குறையாகப் பேசும் பழக்கம் இன்னும் போகாத தமிழ்ச் சூழலில், இந்தக் கடைசி மாற்றம் எடையைப் பற்றிய கவலையோடு நிறத்தைப் பற்றிய கவலையையும் சேர்த்துவிடுகிறது.

நெதர்லாந்தில் 2018இல் வெளியான ஒரு சோதனை இதை நெருக்கத்தில் காட்டியது. 14 முதல் 18 வயதுள்ள 144 சிறுமியரில் ஒரு பகுதியினருக்குச் சாதாரணப் பெண்களின் இன்ஸ்டாகிராம் படங்கள் அப்படியே காட்டப்பட்டன. மற்றவர்களுக்கு அதே படங்களின் திருத்திய வடிவம் காட்டப்பட்டது. திருத்திய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடல்மீது இருந்த மதிப்பு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் இயல்பு மிகுந்தவர்களிடம் இந்த விளைவு அதிகம். ஃபில்டர் போடப்பட்டிருந்ததைச் சிறுமியர் கவனித்தார்கள். உடலின் வடிவமே மாற்றப்பட்டிருந்ததைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் பரிந்துரைப் பொறிமுறை. ஒரு காணொளியில் விரல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அது கணக்கில் கொள்கிறது. நிற்கவைத்தது ஆசையா அச்சமா என்பது அதற்குத் தெரியாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, உண்ணுதல் கோளாறு உள்ள 42 பேருக்கும் இல்லாத 49 பேருக்கும் டிக்டாக் காட்டிய பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காணொளிகளை அலசியது. நோயுள்ளவர்களுக்கு உணவுக்கட்டுப்பாடு, தோற்றம் பற்றியவை மிக அதிகமாக வந்தன. நோயைத் தூண்டும் நச்சுக் காணொளிகள் பல மடங்கு கூடுதலாக வந்தன. லைக் போடுவதில் இரு சாராருக்கும் இருந்த வேறுபாடோ சிறியது. கேட்டு வாங்காத ஒன்று, அதனால் மிகவும் பாதிக்கப்படக்கூடியவரிடமே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள், முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகனால் வெளிக்கொணரப்பட்டு, 2021 செப்டம்பரில் அமெரிக்க நாளேடு ஒன்றில் வெளியாயின. தம் உடலை எண்ணி வருந்திய பதின்பருவச் சிறுமியரில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். வேறு பல சிக்கல்களில் இன்ஸ்டாகிராம் உதவியதாகவே அதிகம் பேர் கூறினர் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அந்த விளக்கத்திலேயே விதிவிலக்காக நின்றது உடல் தோற்றம்.

வருத்தமுள்ளவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்களா, பார்ப்பதால் வருத்தம் வருகிறதா என்ற விவாதம் தீரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதாகவே தோன்றுகிறது. கனடாவில் 2023இல் வெளியான சோதனையில், மனச்சோர்வோ பதற்றமோ இருந்த 17 முதல் 25 வயது மாணவர்கள் மூன்று வாரம் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். தம் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களின் மதிப்பு உயர்ந்தது. தோற்றக் கவலைக்கு ஆண்களும் விலக்கல்ல. அவர்களில் பலருக்கு, போதிய தசைக்கட்டு இல்லை என்ற ஏக்கமாக இது வெளிப்படுகிறது.

சட்டங்களும் வந்துள்ளன. உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்சு 2017இலும் நார்வே 2022இலும் விதித்தன. ஆனால் இத்தகைய குறிப்பு பார்ப்பவரின் மனக்குறையைப் போக்குவதில்லை என்றே பல சோதனைகள் காட்டுகின்றன. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், இக்கோளாறுகளை ஊக்குவிக்கும் பதிவுகள் சிறுவர் கண்ணில் படாமல் தடுக்கும் பொறுப்பைத் தளங்கள்மீதே வைத்தது. ஆனாலும் ஒரு குறிச்சொல்லை முடக்கினால் எழுத்தை மாற்றி அதே சொல் மறுநாள் திரும்பி வருவதும் நடக்கிறது.

வீட்டில் இந்நோய் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் தலைகாட்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பது, “இப்பதான் சாப்பிட்டேன்” என்று நழுவுவது, புதிதாக விரதங்கள் பிடிப்பது, உண்டவுடன் குளியலறைக் கதவைச் சாத்துவது, மாதவிடாய் தவறுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். எடை சரியாக இருப்பவருக்கும் நோய் இருக்கலாம். அடிக்கடி வாந்தி எடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும். மனநோய்களில் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று. ஆகவே, வளர்கிற பிள்ளை ஏதோ அடம்பிடிக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

பதின்பருவத்தினருக்கு நன்கு பலன் தரும் சிகிச்சை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. நோய்க்குப் பிள்ளையையும் பெற்றோரையும் அது குறை சொல்வதில்லை. எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைச் சிறிது காலத்துக்குப் பெற்றோரே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் கூடவே உட்கார்ந்து உண்ணவைக்கிறார்கள். எடை மீண்டு, உண்ணும்போது வரும் அச்சம் தணிந்த பிறகு, அந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திரும்ப ஒப்படைக்கப்படுகிறது.