மட்டக்களப்புப் பாடசாலைகளும் கூத்துக் களரியும்

பாசிக்குடாக் கடலை அறியாத பாடசாலைப் பிள்ளைகள் கிழக்கிலங்கையில் மிகச் சிலரே. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவு நீரே நிற்கும் அமைதியான குடா அது. விடுமுறைச் சுற்றுலா, சாரணர் பாசறை, விளையாட்டுப் பயிற்சி எனப் பாடத்துக்குப் புறம்பான கிருத்தியங்களைப் பற்றிப் பேசுமிடத்துப் பலருக்கும் இத்தகைய காட்சிகளே நினைவுக்கு வரும். ஆயினும், அக்கரையிலிருந்து தெற்கே மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியிலும், வாவியின் இருமருங்கிலும் உள்ள வயற்கிராமங்களில், இன்றைய பாடசாலைகள் தோன்றுமுன்னரே இளைஞரின் ஓய்வுகாலத்தை ஆட்கொண்ட ஓர் ஏற்பாடு இருந்தது. அதுவே கூத்து.

பெரும்போக அறுவடை முடிந்து, சூடு மிதித்து, நெல் வீடு வந்து சேர்ந்தபின் ஊரில் வேலை குறையும். அப்பொழுது பெரியோர் கூடி இன்ன கூத்தைப் பழகுவதென்று தீர்மானிப்பர். அண்ணாவியார் ஒவ்வோர் இளைஞனுடைய குரலையும் உடற்கட்டையும் நோக்கி, அவனவனுக்குரிய பாத்திரத்தை வகுத்துப் பாட்டுகளைக் கையளிப்பார். இதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். அதன்பின் இரவுதோறும் ஆட்டம் பழக்குதல், கால் படிந்தபின் சதங்கை அணியும் விழா, முழுக்கூத்தையும் ஒருமுறை ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். இவையெல்லாம் நிறைவேற மாதங்கள் செல்லும். போர்க்கதைகளை ஆடும் வடமோடியாயினும், பெரும்பாலும் காதற்கதைகளை ஆடித் திருமணத்தில் முடியும் தென்மோடியாயினும், ஆடுபவன் நூற்றுக்கணக்கான அடிகளை மனனஞ் செய்தாக வேண்டும். எழுத்தறியாதவனும் அண்ணாவியார் சொல்லக் கேட்டு அவற்றைக் கற்றான். தாளம் பிசகாத கால், விடியும்வரை தளராத குரல், மூத்தோர் முன் அடக்கம் ஆகியவற்றை ஓர் இளைஞன் பெற்ற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பாடசாலைகளோ நெடுங்காலம் இதனைத் தம் வாயிலுக்குள் விடவில்லை. 1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. பின்னாளில் அமெரிக்க இயேசுசபைத் துறவிகளின் பயிற்சியால் அக்கல்லூரி கூடைப்பந்தாட்டத்திற் பெரும் புகழீட்டியது. 1912இல் இலங்கைக்கு வந்த சாரணர் இயக்கமும் காலப்போக்கில் கல்லூரிகளிற் பரவிற்று. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் இரவில் சதங்கை கட்டிய பையன், காலையில் அதனை ஆசிரியரிடம் சொல்ல நாணிய காலமும் அதுவே. கூத்து படியாதார் பொழுதுபோக்கு என்ற எண்ணம் படித்தாரிடையே வேரூன்றியிருந்தது.

இவ்வெண்ணம் ஒரு நாளில் மாறியதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ சேக்கிழார்தம் காப்பிய மரபையன்று, சேக்சுபியர் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தது. நாடகம் அறிஞர் தொடத்தகாத பொருளன்று என்பதை அது நிலைநாட்டியது. அடிகளின் முயற்சியால் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும் எழுந்தது. பின்னர் கன்னங்கரா அவர்களின் காலத்தில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இதன் பயனைப் பலரும் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டே அளப்பர். வேறொரு பயனும் உண்டு. களரியருகே வளர்ந்த உழவர் மக்கள் முதன்முறையாகப் பெருந்தொகையில் உயர்வகுப்புகளுக்கு வந்தார்கள். வரும்போது தாளக்கட்டுகளையும் உடன் கொண்டுவந்தார்கள்.

1956இல் பேராசிரியர் சரச்சந்திர அவர்களின் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் மேடையேறி நாடெங்கும் பேசப்பட்டது. அது தழுவிய நாடகம மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. இச்சூழலில், இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமங்களுக்குச் சென்று அண்ணாவிமாரைக் கண்டார், ஏடுகளைத் தேடினார், பாடசாலை மாணவரைக் கூத்தாட ஊக்கினார். மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தாகிய ‘அலங்கார ரூபன் நாடகம்’ 1962இல் அவரது பதிப்பாக அச்சேறியது. அதே ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ மேடையேற்றினார். அப்பத்தாண்டின் நடுவில் வந்த ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அவர் வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் மாணவராயிருந்த நாளிலேயே கூத்தாடியவர். பாடசாலைக் கூத்து ஒன்று இல்லாதிருப்பின் பேராதனை மேடைக்கு அத்தகைய கால்கள் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

இம்மாற்றத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. விடியும்வரை ஆடியது ஓரிரு மணிக்குள் சுருங்கிற்று. நாற்புறமும் சனங்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரியின் ஆட்டம், ஒருபுறம் மட்டும் பார்க்கும் மேடைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. பெண் வேடத்தை ஆண்களே தாங்கிய நிலை மாறி, மாணவிகளும் ஆடவந்தனர். இஃது ஐயத்துக்கிடமில்லாத ஆதாயம். சுருக்கமும் தவிர்க்கவொண்ணாததே, மறுநாட் காலை வகுப்புக்குச் செல்லவேண்டிய பிள்ளையை விடியுமட்டும் ஆடவைக்க எந்தப் பாடசாலைக்கு இயலும்? ஆனால் மாதக்கணக்கான பழக்கமும் சில வாரங்களாகக் குறைந்தமை அத்துணை எளிதில் ஒப்பத்தக்கதன்று. கூத்தின் கல்வி அரங்கேற்ற இரவில் இருந்ததிலும் பன்மடங்கு அதற்கு முந்திய இரவுகளில் இருந்தது. அண்ணாவியாரும், ஊர் முழுமைக்கும் ஆசானாயிருந்த நிலையினின்று, போட்டிக் காலத்தில் அழைக்கப்படும் பயிற்றுநராக ஆகிவிட்டார்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளி இப்பகுதியை நிலைகுலைத்தது. பின்னர் வந்த போர்க்காலத்தில் இரவுக் களரி கூடுவதே பல ஊர்களில் அரிதாயிற்று. அந்நாளில் பகலில் பழகிப் பகலிலேயே ஆடத்தக்க குறுங்கூத்து பாடசாலைகளிடம் இருந்தது ஒருவகை நற்பேறே. தமிழ்த் தினப் போட்டிகளில் கூத்துக்கு இடம் கிடைத்தது. நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்புக்குரிய பாடமாகவும் ஆயிற்று. ஒருகாலத்தில் புறக்கிருத்தியமாகக்கூட ஏற்கப்படாதது பரீட்சை வினாவாக மாறிய விந்தை இது.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது; 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற மௌனகுரு அங்கே நுண்கலைப் பேராசிரியரானார். தாம் இளமையில் ஆடிய ‘இராவணேசன்’ நாடகத்தைப் புதுக்கி, அம்மாணவரைக் கொண்டு மீண்டும் ஆடுவித்தார். மத்தளம் மட்டும் பழைய மத்தளமே.